டாக்டரய்யாவுக்குக் காது கேக்காது

இன்று காலை தெர்மாமீட்டரைத் தேடி மேசையின் கீழ் இழுப்பறையை இழுத்தபோது, உங்கள் காது மெஷினுக்கு வாங்கிய பேட்டரி அட்டை கையில் வந்தது. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய பேட்டரிகள். பாதி காலி. மீதியில் அந்த ஆரஞ்சு நிறக் காகிதம் பிரிக்காமல் ஒட்டியபடியே இருந்தது. செல்வி பக்கத்தில்தான் நின்றாள். கிளினிக் தொடங்கிய நாளிலிருந்து நம்மோடு இருக்கிற நர்ஸ் அவள். எதை எடுத்து எங்கே வைப்பது என்று என்னிடம் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. இன்று கேட்டாள்.

“அம்மா, இத என்ன செய்ய?”

“அங்கனயே கெடக்கட்டும்.”

அவள் இழுப்பறையை மெதுவாகத் தள்ளி மூடிவிட்டு வெளியே போய் முதல் ஆளைக் கூப்பிட்டாள். காய்ச்சல்காரர்கள், சர்க்கரைக்காரர்கள் எல்லாம் வந்து போனார்கள். மத்தியானம் சாப்பிட மாடிக்கு வந்தவள் தட்டை எடுக்காமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கல்லூரியில் நமக்குள் ‘நீ, வா, போ’தான். கல்யாணமாகி வந்த புதிதில் உங்கள் அம்மா முன்னால் நான் ‘வாங்க’ என்று சொன்னதும் நீங்கள் திரும்பிப் பின்னால் பார்த்தீர்கள், வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று. அந்த ‘வாங்க’ அப்படியே நின்றுவிட்டது. இப்போதும் அப்படியே எழுதுகிறேன்.

நீங்கள் விஸ்வநத்தத்துக்காரர். உங்கள் அப்பா அச்சாபீசில் கட்டிங் மெஷின் ஓட்டியவர். நான் விருதுநகரில் மல்லி, வத்தல் வியாபாரம் செய்கிற வீட்டுப் பெண். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களான நம்மை மதுரையில் மருத்துவக் கல்லூரி ஒரே யூனிட்டில் கொண்டுபோய் நிறுத்தியது. நோயாளியை எப்படிப் பார்ப்பது என்று வார்டில் முதன்முதலாகச் சொல்லிக்கொடுத்தபோது பேராசிரியர் ஒரு வரிசை வைத்தார். முதலில் கண்ணால் பார். பிறகு தொடு. அப்புறம் விரலால் தட்டு. ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டுவது கடைசி. நாங்கள் எல்லாரும் மந்திரம் போல அந்த வரிசையைச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். நீங்கள் மட்டும் கட்டிலருகே போனதும் குழாயை மாட்டிவிடுவீர்கள்.

“காதுக்கு என்னய்யா அம்புட்டு அவசரம்? கண்ணு சும்மாதான இருக்கு, அதுக்கும் வேலை குடு” என்று அவர் கடிந்துகொள்வார். ஆனால் உங்கள் காதைப் பற்றி அவருக்கும் தெரியும். நம் வகுப்பிலேயே அப்படி ஒரு காது கிடையாது.

காரியாபட்டிப் பக்கத்திலிருந்து வந்த அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. அவள் நெஞ்சில் ஒரு மெல்லிய உறுமல் இருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஒவ்வொருவராக வைத்துப் பார்த்தோம். ‘லப் டப்’புக்கு மேல் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதாகப் பொய் சொல்லவும் மனம் வரவில்லை. எல்லாரும் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்த பிறகு நீங்கள் திரும்பி வந்தீர்கள். என் குழாயின் வில்லையை அவள் நெஞ்சில் சரியான இடத்தில் வைத்து, அவளை இடப்பக்கம் லேசாகச் சாயச் சொன்னீர்கள். உங்கள் குழாய் உங்கள் கழுத்தில்தான் கிடந்தது. ஆனாலும் கட்டில் கம்பியில் ஒற்றை விரலால் தட்டினீர்கள்.

“இங்கன ஒண்ணு. இங்கன ரெண்டு. இதுக்குப் பெறகு சும்மா இருக்க மாதிரி இருக்கும், ஆனா சும்மா இருக்காது. தூரத்துல லாரி மேடு ஏறும். கேளு.”

கேட்டது. தூரத்தில் ஒரு லாரி மேடு ஏறியது. அவளுடைய நாடியில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் நீங்கள் தாளம் தட்டினீர்கள் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அன்று உனக்குக் கேட்டது அந்தப் பிள்ளையின் நெஞ்சு மட்டும்தானா என்று பிற்காலத்தில் எத்தனையோ முறை கேலி செய்தீர்கள்.

ஹவுஸ் சர்ஜன்களாகத் தீக்காய வார்டில் வேலை பார்த்த நாட்களில்தான் நீங்கள் முடிவு செய்தீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே வந்தவர்களில் பலர் நம் பக்கத்து ஆட்கள். பட்டாசு ஆலைகளை ‘பயராபீஸ்’ என்றுதான் சொல்வார்கள். புண்ணைக் கழுவும்போது நீங்கள் “எந்த ஊரு? எந்த ஆபீஸு?” என்று பேச்சைத் தொடங்குவீர்கள். ஊர்ப் பேச்சைக் கேட்டதும் அவர்கள் உடம்பு தளர்வதை நான் பார்த்திருக்கிறேன். ஒருநாள் வார்டு வாசலில் டீ குடித்தபடியே சொன்னீர்கள்: “இவுகள்ல பாதிப் பேருக்கு இங்க வாரதுக்கு முன்னாடி காட்ட ஒரு டாக்டர் கெடையாது. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் காட்ட ஒரு ஆள் வேணும்.”

அந்த ஆளாகவே ஆகிப்போனோம். என் வீட்டில் சம்மதிக்க நாளானது. சம்மதித்த பிறகு கல்யாணம், அதன் பிறகு சாத்தூர் போகிற சாலையில் கீழே கிளினிக்கும் மேலே வீடுமாக ஒரு வாடகைக் கட்டடம். ‘பொது மருத்துவர்கள்’ என்று பலகை. என் சொந்தக்காரர்களின் கல்யாண வீடுகளில் உங்களைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்.

“வெறும் எம்.பி.பி.எஸ்.தானா? மேல படிக்கலையா?”

“கீழ கெடக்க வேலையே முடியலண்ணாச்சி” என்பீர்கள், முகம் மாறாமல்.

உண்மையில் முடியாத வேலைதான். மழை பெய்தால் பயராபீஸ்களில் வேலை நடக்காது. அன்றைக்குத்தான் சனங்களுக்கு உடம்பைப் பற்றி நினைக்க நேரம் கிடைக்கும். மழைநாளில் நம் வாசலில் குடைகள் குவியும். மற்ற நாட்களில் சாயங்காலம் ஆலை வண்டிகள் வந்து நின்றதும் அப்படியே வந்துவிடுவார்கள். அலுமினியப் பவுடர் படிந்த கைகள் மேசையின் மேல் வெள்ளி வெள்ளியாக அச்சு விட்டுப் போகும். இந்த ஊரில் மருந்து என்றால் இரண்டு பொருள் என்று நான் கற்றுக்கொண்டதும் அங்கேதான். “மருந்துல கைய வச்சேன், அரிக்குது, மருந்து குடுங்க” என்று ஒருத்தி சொன்னபோது விழித்தேன். நீங்கள் சிரித்தீர்கள்.

அந்த நாள் ஒரு தீபாவளி சீசனில் வந்தது. மத்தியானம். முதலில் ஜன்னல் அதிர்ந்தது, பிறகு வடக்கே புகை எழுந்தது. நீங்கள் பையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டீர்கள். நான் வாசலில் நின்று “இருங்க, ஆம்புலன்ஸ் போகட்டும்” என்று சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்கும், அப்போது உங்களுக்குக் கேட்கும். ஆலைச் சுவரோரம் ஒருவரை மடியில் கிடத்திக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தபோது, சற்றுத் தள்ளியிருந்த அறையும் வெடித்தது. அந்த மனிதரும் நீங்களும் உயிரோடு திரும்பினீர்கள். மேலெல்லாம் புழுதி, இடது காதோரம் ரத்தம்.

“காதுக்குள்ள வண்டு கத்துது” என்றீர்கள். “நாலு நாள்ல சரியாயிரும்.”

வண்டு போய்விட்டது என்று நீங்களும் சொன்னீர்கள், நானும் நம்பினேன். இடது காது அன்றே போயிருந்தது. வலது காது வருடக் கணக்கில் மெல்ல மெல்ல இறங்கியது. நான் பால் வாங்க வேண்டும் என்றால் யார் வரவேண்டும் என்று கேட்டீர்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் நம் மகள் போனில் அழைத்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் கொடுத்தீர்கள். வேலைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். நோயாளியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கண்ணை மூடி நெடுநேரம் இருப்பீர்கள். அதை எல்லாரும் கவனம் என்றார்கள். டாக்டரய்யா மாதிரி நிதானமாகப் பார்க்க ஆளில்லை என்று பேர் வேறு.

பிறகு ஒருநாள் ஒரு குழந்தையை அதன் அம்மா துண்டில் சுற்றித் தூக்கி வந்தாள். நம் அறையின் நடுவில் அப்போது திரைத்துணி தொங்கும். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள். நீங்கள் துண்டை விலக்காமல் உள்ளே வில்லையை நுழைத்துக் கேட்டிருக்கிறீர்கள். காது நன்றாக இருந்த காலத்துப் பழக்கம் அது, கண்ணுக்கு முன்னால் காது.

“நெஞ்சு சுத்தமா இருக்கும்மா, சளிதான்” என்று நீங்கள் சொன்னது கேட்டது. அதே நொடியில் அந்தக் குழந்தை மூச்சை விடும்போது எழுந்த சீழ்க்கைச் சத்தமும் கேட்டது. குழாய் இல்லாமல், திரைக்கு இந்தப் பக்கம், எனக்கு.

திரையை விலக்கிக்கொண்டு வந்தேன். துண்டை எடுத்தேன். விலாவுக்குக் கீழே தோல் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்தது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். செல்வி ஆவி மெஷினைக் கொண்டு வந்தாள், நான் அதன் முகமூடியைக் குழந்தையின் முகத்தில் வைத்தேன். நீங்கள் அந்த அம்மாவின் பக்கம் திரும்பி நின்றீர்கள்.

“நான் சொன்னது தப்பும்மா. பிள்ளைக்கு மூச்சு இறுக்கமா இருக்கு. எனக்குத்தான் சரியாக் கேக்கல.”

அவளுக்கு அது விளங்கவில்லை. “சரியாயிருமாய்யா?” என்று மட்டும் கேட்டாள்.

மூச்சு இறங்கும்வரை வைத்திருந்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். குழந்தை இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் நீங்கள் அன்று சாயங்காலமே ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி என் மேசையில் வைத்தீர்கள்.

“இனிமே நான் கீழ எறங்க மாட்டேன். என்ன வற்புறுத்தாத.”

“காதுக்கு டாக்டர் இருக்காரு. மெஷின் இருக்கு.”

“அது எனக்கு. வாரவுகளுக்கு?”

மதுரையில் பார்த்தோம். நரம்பு போய்விட்டது என்றார் காது மருத்துவர், வெடிச்சத்தம் தொடங்கி வைத்ததை வயது முடித்து வைக்கிறது என்றார். மெஷின் வந்தது. முகத்துக்கு நேரே பேசினால் பேச்சு பிடிபட்டது. ஆனால் மெஷினைக் கழற்றாமல் குழாயை மாட்ட முடியாது. கழற்றினால் குழாயில் ஒன்றும் கேட்காது. நீங்கள் மாடியிலேயே இருந்துவிட்டீர்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றினீர்கள், காய் நறுக்கினீர்கள், பேப்பரை விளம்பரம் விடாமல் படித்தீர்கள். கீழே ஒவ்வொருவரும் “அய்யா எங்கம்மா?” என்று கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்றேன். மழைநாட்களில் நீங்கள் மாடி ஜன்னலில் நின்று வாசலில் சேரும் குடைகளைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பக்கத்தில் வந்து நின்றால்கூடத் தெரியாது உங்களுக்கு. நான் உங்கள் தோளைத் தொட யோசித்தபடி நிற்பேன். திடீரென்று தொட்டால் திடுக்கிடுவீர்களே.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. பிறகு முத்துமாரி வந்தாள்.

அச்சங்குளத்திலிருந்து வந்திருந்தாள். பயராபீஸில் திரி வேலை. கையில் சூடுபட்டுக் கொப்புளம் உடைந்திருந்தது. நம்மிடம் வருவது அதுதான் முதல் தடவை. இங்கே வருகிற கைகளில் சூட்டுக்காயம் இல்லாத கை எது? நான் கத்தரியால் செத்த தோலை வெட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். அவள் ஆடிக்கு இருக்கன்குடிக்குப் போனது, மகள் வீட்டார் வந்தது, கோயில் கூட்டத்தில் பேரன் தொலைந்து கிடைத்தது என்று கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் கதை சுவாரசியமாக இருந்தது. நீங்கள் எனக்குக் காப்பி கொண்டுவந்து கதவருகே நின்றிருக்கிறீர்கள். செல்விக்குக் காய்ச்சல், அவள் வரவில்லை, அதனால்தான் நீங்கள் இறங்கி வந்தது.

டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றீர்கள். உங்களுக்குக் கதை கேட்கவில்லை. அதனால் நீங்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“வலிக்கலயா?” என்று கேட்டீர்கள்.

அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். “இதெல்லாம் என்ன வலிய்யா. பழகிப் போச்சு.”

“பழகுனா வலி கொறையும். இல்லாமப் போகாதே.”

நாற்காலியை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தீர்கள். எத்தனை நாளைக்குப் பிறகு அந்த அறையில் உட்காருகிறீர்கள் என்று நான் எண்ணிக்கொண்டேன். அவள் முழங்கையின் உட்பக்கத்தை விரலால் உருட்டிப் பார்த்தீர்கள். என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தீர்கள். நரம்பு கயிறு போலத் தடித்திருந்தது. பஞ்சைத் திரித்து நுனி எடுத்தீர்கள்.

“கண்ண மூடிக்கோம்மா. நான் தொடுத எடத்தக் காட்டணும்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சுண்டுவிரலில் தொட்டீர்கள். உள்ளங்கையின் ஓரத்தில் தொட்டீர்கள். மணிக்கட்டுக்கு மேலே, நிறம் வெளுத்திருந்த ஒரு திட்டில் தொட்டீர்கள், மறுபடியும் தொட்டீர்கள். முத்துமாரி கண்ணை மூடியபடி பொறுமையாகக் காத்திருந்தாள்.

“இன்னும் ஆரம்பிக்கலயாய்யா?” என்றாள்.

நீங்கள் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டீர்கள்.

கண்ணைத் திறந்தவள் நம் இருவர் முகத்தையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளுடைய சின்னம்மா ஒருத்திக்குத் தொழுநோய் இருந்ததாம். “பெருநோயாய்யா?” என்றாள், சத்தமே வராமல்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டீர்கள். “பேருதாம்மா பெருசு. மாத்திரையில போயிரும். ஆரம்ப சுகாதார நெலையத்துல அவுகளே தருவாக. விடாமச் சாப்பிடணும். கைய மட்டும் சூட்டுல இருந்து காப்பாத்திக்கோ, அது ஒனக்குச் சொல்லாது. கண்ணால பாத்துக்கிட்டே இருக்கணும்.”

“எம்மக வீட்டுல தெரிஞ்சா?”

“எனக்குக் காது கேக்காது. நீ சொன்னது எனக்கே கேக்கல. வெளிய யாருக்குக் கேக்கப் போகுது?”

அவள் அழுதாள், அழுதபடியே சிரித்தாள். அவள் போன பிறகு நீங்கள் கைகழுவிக்கொண்டே நின்றீர்கள். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு என் பக்கம் திரும்பாமல் சொன்னீர்கள்:

“நாளைக்கு செல்வி வந்தா அந்தத் திரைத்துணியக் கழட்டச் சொல்லு. எனக்கும் ஒரு நாற்காலி இங்கனயே போடட்டும்.”

அதற்குப் பிறகு வந்த வருடங்கள்தான் நம் தொழிலிலேயே நல்ல வருடங்கள் என்று நான் சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா? ஒரே மேசை, இரண்டு நாற்காலி. புதிதாக வருகிற யாராக இருந்தாலும் முதலில் நீங்களே சொல்லிவிடுவீர்கள்: “எனக்குக் காது கேக்காது. பாக்கதும் தொடுததும் நான். கேக்க வேண்டியத டாக்டரம்மா கேப்பாக. சம்மதமா?” ஒருவரும் எழுந்து போனதில்லை. நீங்கள் பார்ப்பீர்கள், நகத்தை, நாக்கை, நடந்து வரும் விதத்தை, செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதைக்கூட. மார்பில் விரலை வைத்துத் தட்டுவீர்கள். தட்டுவதைக் காதால் கேட்பது பாதிதான், மீதி விரலுக்குத் தெரியும் என்பீர்கள். உள்ளே நீர் கோத்திருந்தால் கல்லில் தட்டுவது போல விரல் நின்றுவிடும். பிறகு நான் குழாயை வைப்பேன். கேட்பதை உங்கள் புறங்கையில் விரலால் தட்டிக் காட்டுவேன். முதல் சத்தம், இரண்டாம் சத்தம், நடுவில் இழுவை இருந்தால் நகத்தால் ஒரு கோடு. அதை வைத்து நீங்கள் “வால்வு கசியுதா?” என்பீர்கள். கட்டில் கம்பியில் நீங்கள் எனக்குத் தட்டியதை இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

செல்வி முதலில் உங்களிடம் கத்திக் கத்திப் பேசினாள். “ஏம்மா கத்துத? மொகத்தக் காட்டு, போதும்” என்றீர்கள். நாளடைவில் வாசலில் வரிசையில் நிற்கிறவர்களுக்கும் அது பழகிவிட்டது. உங்கள் எதிரில் உட்கார்ந்ததும் முகத்தை நிமிர்த்தி, வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்கள். அவசரமாகச் சொல்லும்போது மறைந்து போகிற விஷயங்கள் அப்படி நிறுத்திச் சொல்லும்போது வெளியே வந்தன. படந்தாலிலிருந்து வந்த ஒரு பெரியவர் மட்டும் உங்களைத் தனியாகப் பார்க்கணும் என்று சொல்லி என்னை எழுந்து போகச் சொன்னார். பிறகு நீங்கள் சிரித்தபடி சொன்னீர்கள், அவர் தலையைக் குனிந்துகொண்டு நெடுநேரம் என்னென்னவோ பேசினாராம், ஒரு வார்த்தை பிடிபடவில்லையாம். “அய்யாவுக்குக் கேக்காதுல்ல, அதான் அம்புட்டையும் சொல்லிட்டேன்” என்று வாசலில் செல்வியிடம் சொல்லிவிட்டு, தெம்பாக நடந்து போயிருக்கிறார்.

உங்கள் கால் வீக்கத்தை நான் பார்க்கும் முன்பே நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தோம். கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்து, குழி நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

“கீழ போயி ஒன் கொழாய எடுத்துட்டு வா. என் நெஞ்சக் கேளு.”

சட்டைப் பொத்தானைக் கழற்றினீர்கள். நான் வில்லையை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி வைத்தேன். நீங்கள் உங்கள் கையை என் பக்கம் நீட்டினீர்கள், புறங்கை மேலே இருக்கும்படி.

இரண்டு சத்தம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தது. குதிரை ஓடுவது போல என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த சத்தம். களைத்துப்போன இதயத்தின் சத்தம். என் விரல் உங்கள் கைமேல் நின்றது. இரண்டு தட்டினால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. உங்களுக்குக் கேட்காது, தெரியாது. ஆனால் நீங்கள் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மூன்றாகவே தட்டினேன். திரும்பத் திரும்ப.

“மூணா?”

தலையசைத்தேன்.

“நல்ல கேஸு” என்றீர்கள். “படிக்க பிள்ளைகளுக்குக் காட்டலாம்.”

நான் உங்கள் நெஞ்சிலிருந்து குழாயை எடுக்கவில்லை. குழாயோடு சேர்த்துத் தலையையும் அங்கேயே வைத்துக்கொண்டேன். நீங்கள் என் முடியைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். காதில் குதிரை ஓடிக்கொண்டே இருந்தது.

மதுரையில் இதய மருத்துவர் நல்ல மருந்துகள் கொடுத்தார். உப்பில்லாச் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டீர்கள். இரண்டு தீபாவளிகள் பார்த்தீர்கள். மாடிப்படி ஏற முடியாமல் போன பிறகு கிளினிக்கின் பின்னறையில் கட்டில் போட்டோம். அங்கிருந்து நாற்காலிக்குப் பத்தடிதான். மூச்சு வாங்கிக்கொண்டு வந்து உட்காருவீர்கள், எதிரில் இருக்கிறவருக்கு இருமல் என்றால் அவர் உங்களைப் பார்த்துப் பரிதாபப்படுவார். ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலையில், பால்காரர் வந்து போன பிறகு, தூக்கத்திலேயே போனீர்கள். நான் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். குழாயை எடுக்கவில்லை.

மழை என்பதால் பயராபீஸ்கள் மூடியிருந்தன. அதனால் எல்லாரும் வந்தார்கள். வாசலில் குடைகள். முத்துமாரி வந்தாள், கை குணமாகிச் சுண்டுவிரல் மட்டும் சற்று மடங்கி நின்றுவிட்டிருந்தது. மற்றவர்கள் தலைமாட்டில் நின்று அழுதபோது அவள் மட்டும் உங்கள் முகத்துக்கு நேரே குனிந்து, வாயை நன்றாகத் திறந்து, சத்தமில்லாமல் என்னவோ சொன்னாள். நிதானமாக, நிறுத்தி நிறுத்தி, நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது போல. உதட்டைப் படிக்க நான் கற்றுக்கொள்ளவேயில்லை. அவள் சொன்னது உங்களுக்கு மட்டும்தான்.

மகள் பெங்களூருக்கு வந்துவிடச் சொல்கிறாள். சில நேரம் போய்விடலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் காலையில் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டதும் இறங்கிவிடுகிறேன். தனியாகப் பார்ப்பது முதலில் பயமாக இருந்தது. இப்போது பேராசிரியர் சொன்ன வரிசையை இந்த வயதில்தான் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறேன். குழாயைக் கடைசியில்தான் தொடுகிறேன்.

சாப்பிட வருவதற்குச் சற்று முன்னால் வந்தவனைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அச்சாபீசில் வேலை பார்க்கிற இளைஞன், நம் கிளினிக்குக்குப் புதியவன். உட்கார்ந்ததும் செல்போனைப் பார்த்தபடியே “ரெண்டு நாளா பசியில்ல, அசதியா இருக்கு, ஒரு ஊசி போட்டா வேலைக்குப் போயிருவேன், ஆர்டர் கெடக்கு” என்று முணுமுணுத்தான். கதவருகே அடுத்த முறைக்குக் காத்திருந்த அம்மாள் ஒருத்தி, முன்பு உங்களிடம் பிரஷருக்குக் காட்டியவள், அங்கிருந்தே அதட்டினாள்.

“ஏலே, மொகத்தப் பாத்துச் சொல்லு.”

“எனக்கு நல்லாக் கேக்கும்மா” என்றேன்.

“கேக்கட்டும். இங்கன அப்பிடித்தான்.”

அவன் போனை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தான். என்ன வம்பு என்பது போல என்னை நேராகப் பார்த்து, முதலிலிருந்து மெதுவாகச் சொல்லத் தொடங்கினான். பசியில்லை. அசதி. இரண்டு நாள். நான் அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டே கண்களைப் பார்த்தேன். வெள்ளை விழியில் மெலிதாக ஒரு மஞ்சள்.

எழுந்து ஜன்னல் வெளிச்சத்துக்கு வரச் சொன்னேன்.